பேய் ஊதாங்குழல்

ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில், “குறொன்லாண்டில் இருக்கிறேன், நல்ல சுகம்” என்று எழுதியிருந்தேன். பெரியப்பா வாசிகசாலைக்குப் போய் அற்லஸைப் புரட்டினார். உலகத்தின் உச்சந்தலையில் வெள்ளைத் தொப்பி மாதிரிக் கிடந்த ஒரு பெருந்தீவைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து, “பெடியன் பனிக்கரடியளோடை இருக்கிறான்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம்.

பெரியப்பாவில் பிழை சொல்ல முடியாது. நோர்வேக்காரர் அந்தப் பனித்தீவையும் குறொன்லாண்ட் என்றுதான் சொல்வார்கள். ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கக்கூடிய எங்கள் பேட்டையும் குறொன்லாண்ட்தான். இரண்டுக்கும் பொருள் பச்சை நிலம். பனித்தீவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் செந்தலை எரிக். கொலைப்பழியில் ஐஸ்லாந்திலிருந்து துரத்தப்பட்டவன். பெயர் நன்றாயிருந்தால் சனம் வந்து குடியேறும் என்று கணக்குப் போட்டானாம். காணித் தரகர்களுக்குக் குலதெய்வம் ஒன்று வேண்டுமென்றால் அவனையே வைத்துக் கும்பிடலாம். எங்கள் பச்சை நிலத்தில் ஒரு காலத்தில் உண்மையாகவே புல் இருந்தது. இப்போது சித்திரை மாதத்தில் இங்கே அதிகம் இருப்பது சல்லிக்கல்லும் தூசியும். ஏழு மணிக்கு இவற்றோடு ஒரு சத்தமும் சேரும்.

அந்தச் சத்தத்துக்கு, ஊரிலிருந்து வந்த எங்கள் மாமி வைத்த பெயர் பேய் ஊதாங்குழல். நோர்வேக்காரர் லோவ்புளோசர் என்பார்கள். இலை ஊதி என்று அர்த்தம். முதுகில் பெற்றோல் மிசின், கையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதைச் சுமந்துகொண்டு எங்கள் கட்டடத்தின் கீழே நடப்பவர் வக்மெஸ்தர் அண்ணை. வக்மெஸ்தர் என்பது கட்டடக் காவலும் பராமரிப்பும் சேர்ந்த வேலை. அண்ணை வடமராட்சிக்காரர், வெங்காயம் செய்த குடும்பம். அந்த விஷயம் பிறகு தேவைப்படும்.

மாமி முதன்முதல் அதைக் கண்ட நாளில் ஜன்னலடியில் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டா: “அவர் என்ன செய்யிறார்?”

“குப்பை கூட்டுறார் மாமி.”

“கூட்டேல்லையே. கலைச்சுக்கொண்டெல்லோ திரியிறார்.”

ஒஸ்லோவின் கடந்த 400 வருட வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக ஒரு பேராசிரியரும் சொன்னதில்லை.

1624ஆம் ஆண்டு ஆகஸ்டில் பழைய ஒஸ்லோ மூன்று நாள் நின்று எரிந்தது. நோர்வே அப்போது டென்மார்க் அரசரின் கைக்குள். அரசர் நான்காம் கிறிஸ்தியான் வந்து பார்த்தார். சாம்பலைக் கூட்டி அள்ளிப்போட்டு, இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டுங்கோ என்றிருந்தால் காரியம் ஒரு விளக்குமாற்றோடு முடிந்திருக்கும். ஆனால் அரசர்களுக்குக் கூட்டிப் பழக்கமில்லை. கையுறை போட்ட விரலை நீட்டி, குடாவுக்கு அந்தப் பக்கம் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையின் காலடியைக் காட்டி, நகரம் அங்கே இருக்கட்டும் என்றாராம். கூடவே தன்னுடைய பெயரையும் அதற்கு வைத்துவிட்டார்: கிறிஸ்தியானியா. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தன் பெயரை வைத்துவிட்டுப் போகிற மாமாக்களை எனக்குத் தெரியும், ஆனால் ஒரு நகரத்துக்கே வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தப் பெயரை உதறி, 1925இல் பழையபடி ஒஸ்லோவாக 300 வருடம் பிடித்தது. விரல் நீட்டிய கதை வெறும் செவிவழிக் கதை. ஆனாலும் 1997இல் கிறிஸ்தியானியா சதுக்கத்தில், நிலத்தைக் குத்திக் காட்டுகிற பெரியதொரு கையுறையைச் சிலையாகவே வைத்துவிட்டார்கள். உல்லாசப் பயணிகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு படமெடுக்கிறார்கள்.

புது நகரத்தில் மரத்தால் வீடு கட்டத் தடை. கல்லோ செங்கல்லோ வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், மரச்சட்டத்துக்குள் செங்கல் அடைத்த சுவராவது வேண்டும். தீ பிடிக்காமல் இருக்க நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் செங்கல்லுக்குக் காசில்லாதவன் என்ன செய்வான்? எல்லைக்கு வெளியே போய் மரத்தால் கட்டுவான். அப்படி வெளியே தள்ளப்பட்ட கூலிகளும் வண்டிக்காரரும் கைவேலைக்காரரும் ஒதுங்கிய இடங்களில் ஒன்றுதான் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எங்கள் பச்சை நிலம். ஒஸ்லோவின் முதல் இலை ஊதி என்று நான் நான்காம் கிறிஸ்தியானைத்தான் சொல்வேன். பெற்றோல் செலவில்லை. ஒரு சட்டத்தால் ஏழைகளை முற்றத்திலிருந்து வேலிக்கு அப்பால் ஊதிவிட்டார். முற்றம் துப்புரவு.

ஆறு என்றேனே, அதன் பெயர் ஆக்கர்செல்வா. முதலில் கேட்டபோது யாரோ எங்கட பெடியன், ஊரில் செல்வராசாவாக இருந்து இங்கே செல்வாவாகச் சுருங்கியவன் என்றுதான் நினைத்தேன். எல்வா என்றால் ஆறு என்று பிறகுதான் தெரிந்தது. மாரிடால் ஏரியில் பிறந்து பத்துக் கிலோமீற்றர்கூட ஓடாமல் கடலில் விழுகிற குட்டி ஆறு. ஆனால் சரிவு அதிகம், நீருக்கு வேகமும் அதிகம். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே மரம் அரியும் ஆலைகள் அதன் கரையில் முளைத்தன. பலகையெல்லாம் கப்பலேறி வெளிநாடு போனது, காசு மேற்குப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் போனது. மரத்தூள்? அதை ஆற்றிலேயே கொட்டிவிட்டார்கள். ஆறு அதைச் சுமந்துகொண்டு வந்து, எங்கள் பக்கத்துக் கழிமுகத்தில் இறக்கிவைத்தது. குடாவின் அடி மேடாகிக் கப்பல்கள் தட்டத் தொடங்கியபோதுதான் கனவான்களுக்கு மரத்தூள் ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது. தூர்வாரச் செலவு செய்தார்கள். பிறகு துணி ஆலைகள் வந்தன, சாயம் வந்தது, எல்லோருடைய கழிவும் வந்தது. மேலே இருப்பவன் கையை விடுவான், கீழே இருப்பவன் மூக்கைப் பிடிப்பான். ஆற்றுக்கு இது புதிதில்லை.

1853 கோடையில் கொலரா வந்தது. கிறிஸ்தியானியாவில் 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். நெருக்கமும் அழுக்குத் தண்ணீருமாய் இருந்த கிழக்குப் பக்கத்தில்தான் நோய் கைவரிசையைக் காட்டியது. அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்களில் பெரும்பாலோருக்கு ஒரு திடமான நம்பிக்கை இருந்தது: கொலரா கெட்ட காற்றால் வருகிறது. ஜன்னலைச் சாத்தினார்கள், புகை போட்டார்கள். அடுத்த வருடம் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தண்ணீர்ப் பம்பைக் காட்டி, குற்றவாளி காற்றல்ல, தண்ணீர் என்றார். அவருடைய பேச்சை உலகம் ஏற்கச் சில பத்தாண்டுகள் பிடித்தன. இப்படியாகக் காற்று ஒருவழியாய் நிரபராதி என்று விடுதலை பெற்றது. மனிதனுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் அதைக் கெடுப்பதற்கென்றே முதுகில் மாட்டும் மிசின் ஒன்றைச் செய்தான்.

கொலராவுக்கு இரண்டு வருடம் முன்பு, 1851இல், குறொன்லாண்டில் நகரத்தின் இன்னொரு பரிசு திறக்கப்பட்டது: பொட்ஸ் சிறைச்சாலை. அமெரிக்காவின் பிலடெல்பியாப் பாணி. கைதி தனி அறையில் இருந்து, ஒருவரோடும் பேசாமல், தன் பாவத்தை நினைத்து மனம் வருந்த வேண்டும். அமைதிதான் தண்டனை. திருடர்களுக்கு வருடக்கணக்காய் இலவசமாகக் கிடைத்த அந்த அமைதி இன்று சதுரமீற்றர் விலையில் போகிறது. சிறையின் பிரதான கட்டடத்தை 2017இல் மூடிவிட்டார்கள். நோர்வேக்காரருக்கு ‘ஊல்சன் கூட்டம்’ என்று ஒரு பிரியமான நகைச்சுவைப் படவரிசை உண்டு. அதில் திருட்டுத் தலைவன் ஈகன் விடுதலையாகி வெளியே வந்து, மரவரிசைக்கு நடுவே நடந்துபோவது இந்தச் சிறை வாசலிலிருந்துதான். ஐப்பசி மாதத்தில் அந்த மரங்களின் கீழே மிசின் ஓடும்போது நான் நினைப்பதுண்டு: ஈகன் இப்போது வெளியே வந்தால், சத்தம் தாங்காமல் திரும்பி உள்ளே ஓடியிருப்பான்.

நகரம் 1859இல் குறொன்லாண்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதே தவிர, தள்ளுகிறதை விடவில்லை. ஆலைத் தொழிலாளர் போனார்கள், பாகிஸ்தானியர் வந்தார்கள், நாங்கள் வந்தோம், சோமாலியர் வந்தார்கள். எங்களில் முதல் ஆள் குருநகர் அந்தோனி ராஜேந்திரம். 1956இலேயே மீன்பிடி படிக்க நோர்வேக்கு வந்தவர். ஊருக்கு நோர்வே உதவியையும் படகுத் தொழிலையும் சீநோர் என்ற பெயரில் கொண்டுபோனார். பின்னால் வந்த நாங்கள் மீன் ஆலை, சாப்பாட்டுக்கடை, கிளீனிங் என்று கிடைத்ததைப் பிடித்தோம். அந்தக் கிளீனிங்கின் கடைசி வாரிசுதான் வக்மெஸ்தர் அண்ணையின் முதுகில் ஏறியிருக்கும் மிசின்.

மிசினின் பிறப்புக் கதையை அண்ணைக்கு நான் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பயிருக்கு மருந்தடிக்கிற மிசின் ஒன்று முதுகில் மாட்டும் விதமாய் வந்தது. மருந்துத் தொட்டி, இயந்திரம், காற்று ஊதும் குழாய். வாங்கிய அமெரிக்கர்கள் பலர் மருந்துப் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் காற்றை வைத்து முற்றத்தை ஊதத் தொடங்கினார்கள். கொம்பனிக்காரர் இதைக் கண்டுகொண்டு, சரி, காற்றையே விற்போம் என்று இறங்கிவிட்டார்கள். அண்ணை சின்ன வயதில் தகப்பனாரின் வெங்காயத் தோட்டத்தில் மருந்து மிசின் சுமந்தவர். கடலையும் கண்டத்தையும் தாண்டி வந்து, நாற்பது வருடம் கழித்து, அதே மிசினின் தம்பியைச் சுமக்கிறார்.

“அங்கை மருந்தைக் குடிச்சன், இஞ்சை புகையைக் குடிக்கிறன். முதுகு மட்டும் அதே முதுகு” என்றார்.

மிசினுக்கு வாழ்வு கொடுத்தது கலிபோர்னியாவின் வறட்சி. 1970களில் அங்கே மழை பொய்த்தது. முற்றத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தண்ணி அடிக்கத் தடை. (நோர்வேயிலும் 1927 வரைக்கும் தண்ணி அடிக்கத் தடை இருந்தது, அது வேறு தண்ணி.) விளக்குமாறு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வராத அமெரிக்கர், ஊதியை எடுத்துக்கொண்டார்கள். சத்தம் தாங்காமல் 1975இலேயே கார்மல் என்ற கடலோரச் சிற்றூர் அதற்குத் தடை போட்டது, அடுத்த வருடம் பெவர்லி ஹில்ஸ். சினிமாக்காரர் வாழும் ஊர் அல்லவா, ஒத்திகை பார்க்க அமைதி வேண்டும். பிறகு லொஸ் ஏஞ்சலிஸிலும் சண்டை தொடங்கியது. ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரில் உலகத்தையே காப்பாற்றிய பீற்றர் கிரேவ்ஸும், பழைய பட்மான் தொடரில் பூனைப்பெண்ணாக வந்த ஜூலி நியூமரும் தடைக்குக் குரல் கொடுத்தார்கள். 1996இல் தடை நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நேரம், 1998 ஜனவரியில், தோட்டத் தொழிலாளர்கள் நகரசபை வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்த ஏழைகள். மிசின் இல்லாவிட்டால் ஒரு நாளில் செய்கிற முற்றங்கள் குறையும், கூலி குறையும் என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. புகையைக் குடிப்பவனே அந்தப் புகைக்காகப் பட்டினி கிடக்க வேண்டிவந்ததுதான் கொடுமை. முற்றத்துச் சொந்தக்காரர் கூலியைக் கூட்டித் தருகிறேன், விளக்குமாற்றை எடு என்று சொன்னால் தீர்ந்துபோகிற சண்டை. அதைச் சொல்ல ஒரு சுப்பர் ஹீரோவும் வரவில்லை.

புகை என்றதும் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோலைக் கண்ணால் காணாத காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பரம்பரை நாங்கள். ஒரு மூடி பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வருகிறவனின் முகத்தில் கரி பூசிக்கொண்டு போவோம். அந்தப் புகை வறுமையின் புகை, அதை மன்னிக்கலாம். பேய் ஊதாங்குழலின் புகை வேறு. அதன் இயந்திரம் டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கை ஒரு கலியாண மண்டபம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன் வாசலால் விருந்தினர் வரும்போது பின் வாசலும் திறந்தே கிடக்கிறது. வந்தவர்களில் கால்வாசி, சில வேளை மூன்றில் ஒரு பங்கு, பந்தியில் குந்தாமலே பின் வாசலால் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அப்படித்தான் பெற்றோலும் எரியாமலே வெளியே வருகிறது. அதோடு எண்ணெயும் கலந்திருப்பதால் நீலப்புகை. அந்தக் கூட்டத்தில் பென்சீனும் போர்மல்டிகைட்டும் உண்டு, இரண்டும் புற்றுநோய்க்குக் காரணமானவை. கார்பன் மொனொக்சைட்டும் கைகோத்து வரும்.

2011இல் எட்மண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கார் மதிப்பாய்வு நிறுவனம் ஒரு குறும்பு செய்தது. ஃபோர்ட் ராப்டர் என்ற, எருமைக் கடாபோன்ற பிக்கப் வண்டியையும் ஒரு டூ ஸ்ட்ரோக் இலை ஊதியையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் வைத்துப் புகையை அளந்தது. எரியாத ஹைட்ரோகார்பன் கணக்கில், அரை மணி நேரம் இலை ஊதுவதும், அந்த எருமையை டெக்சாஸிலிருந்து அலாஸ்காவரை ஏறத்தாழ 6,200 கிலோமீற்றர் ஓட்டுவதும் ஒன்று என்று வந்தது. எங்கள் கணக்கில், ஒஸ்லோவிலிருந்து நோர்வேயின் வடகோடியிலுள்ள நோர்ட்காப்புக்கு ஏறத்தாழ மூன்று தரம். வக்மெஸ்தர் அண்ணை எங்கள் கட்டடத்தைச் சுற்றிவர நாற்பது நிமிடம் எடுப்பார். மனிதர் ஒவ்வொரு திங்களும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே நோர்ட்காப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்.

குழாயிலிருந்து வரும் காற்று, பலமான மிசின்களில், மணிக்கு 300 கிலோமீற்றர் வரை போகும். 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்த மாதிரி. அது இலையை மட்டும் பார்த்து ஊதுமா? தெருவில் தேய்ந்த ரயர் ரப்பர், தார்க்கல்லின் பொடி, பூஞ்சண வித்து, பேர்ச் மரத்தின் மகரந்தம், காய்ந்துபோன நாய்ப்பீ, எல்லாவற்றையும் எழுப்பி மூக்குயரத்துக்குக் கொண்டுவரும். சித்திரை, வைகாசியில் பேர்ச் மகரந்தத்தால் ஒஸ்லோவில் பலர் கண்ணீரும் தும்மலுமாய்த் திரிவதைப் பார்த்தால் செத்தவீடு முடிந்து வருகிற சனம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் மிசினும் ஓடினால் கேட்கவே வேண்டாம். தூசியில் பெரியது மூக்கில் நிற்கும், சின்னது நெஞ்சுக்குள் இறங்கும், இன்னும் சின்னது இரத்தத்திலும் கலக்கும்.

சத்தத்தைப் பற்றிப் பேச எங்கள் ஆட்களுக்கு யோக்கியதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விடியக்காலை நாலு மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் முழு ஊரையும் எழுப்பிய பரம்பரை. ஆனால் கோயில் திருவிழா பத்துப் பதினைந்து நாளில் கொடியிறங்கும். மிசினைச் சுமப்பவரின் காதடியில் சத்தம் 100 டெசிபெல் அளவுக்குப் போகும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்குத் தாங்கக்கூடிய எல்லை 85. மூன்று டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 100க்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான் மிச்சம். மிசினின் அடித்தொண்டை உறுமல் இரட்டைக் கண்ணாடி ஜன்னலையும் ஊடுருவும். அண்ணைக்கு இப்போது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. “வாடகை தாறதில்லை, எழும்பவும் மாட்டாதாம்” என்பார். காதுமூடி போடுவார்தான், ஆனால் ரெலிபோன் அடித்தால் கழற்றுவார். அண்ணைக்கு ரெலிபோன் ஓயாது.

இவ்வளவும் நடப்பது எந்த நகரத்தில்? 2019இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்று பட்டம் வாங்கிய நகரத்தில். 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் 100க்கு 89 முழு மின்சாரக் கார்கள். ஒஸ்லோவின் நடுவில் ஒலாவ் அரசர் பெயரிலுள்ள தெருவைத் திருத்தியபோது, மண் கிண்டும் மிசின்களைக்கூட மின்சாரத்தில் ஓடவைத்து உலகத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மண் கிண்டும் மிசின் பூனை மாதிரி வேலை செய்ய, கார்கள் மூச்சுக் காட்டாமல் போக, ஒரு மனிதனின் முதுகில் மட்டும் 1970கள் உறுமிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க மாபிள் பதித்துவிட்டு, அடுப்படியில் ஈர விறகு எரிப்பதுபோல.

காற்று விஷயத்தில் ஒஸ்லோவுக்குப் பழைய வழக்குகள் உண்டு. பனிக்காலத்தில் ஆணி பதித்த ரயரோடு ஓடும் கார்கள் தார்த்தெருவை மாவாக அரைக்கும். 1999இல் ஆணி ரயருக்கு வரி போட்டார்கள். சனம் ரயரை மாற்றியது, காற்று கொஞ்சம் தெளிந்தது. அடடா, வியாதி சுகமாகிவிட்டது என்று 2001இல் மருந்தை நிறுத்தினார்கள். ஆணிகள் திரும்பி வந்தன. 2004இல் வரியும் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் பிறஷர் குளிசையை இப்படி நிறுத்தி நிறுத்திப் போடுகிற ஆட்கள் நிறையப் பேர். 2015இல் எஃப்டா நீதிமன்றம், ஒஸ்லோ உட்படப் பல இடங்களில் காற்றின் மாசு எல்லையை மீறியதற்காக நோர்வே நாட்டையே குற்றவாளி என்றது. நோபல் சமாதானப் பரிசு கொடுக்கிற ஊரின் காற்று நீதிமன்றப் படியேறியது.

இதில் எங்கள் பேட்டையின் சிறப்பு சல்லிக்கல். பனியில் வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுவதும் நடைபாதையில் கொட்டியதை, பனி கரைந்ததும் அள்ள வேண்டும். நகரசபை தன் பங்குக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டும் வண்டிகளை அனுப்பும். கட்டடங்களின் முற்றமும் ஓரமும் அவரவர் பாடு. அங்கேதான் பேய் ஊதாங்குழல் அரசாளும். கல்லைத் தெருவுக்கு ஊதினால் அது தெருவின் கல், நகரசபையின் தலைவலி. மரத்தூளை ஆற்றில் விட்டவர்களின் அதே கணக்கு.

இலை உதிரும் காலத்தில் மாமிக்குக் கோபம் இன்னும் ஏறும். யாழ்ப்பாணத்தில் இலை காசு. பூவரசங்குழை, கிளுவங்குழை, வாதராணி என்று வெட்டி, வயலில் தாழ்த்தி மிதித்து உரமாக்குவோம். வேலிக் கதியால் இரவோடு இரவாக அடுத்த காணிக்குள் நகர்ந்ததற்காகக் கோடேறியவர்கள் இருக்கிறார்கள். அதன் குழை யாருக்கு என்பதும் வழக்கில் ஒரு பங்கு. அப்படியான இடத்திலிருந்து வந்த மனுசிக்கு, பழுத்து மெத்தையாய் விழுந்த இலைகளைச் சூறாவளி வைத்துக் கலைப்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா? இலைக்குள் மண்புழு, வண்டு, சிலந்தி. குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்கு இடம் தேடுகிற முள்ளெலி. 2019இல் ஜெர்மனியின் சுற்றாடல் அமைச்சு, பூச்சிகளுக்குக் கேடு, தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் இலை ஊதியைப் பாவியுங்கள் என்று சனத்துக்குச் சொன்னது. அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் தூசிக்காக அதைத் தடைசெய்திருந்தது. வாஷிங்டன் நகரம் 2022இலிருந்து பெற்றோல் ஊதிகளை நிறுத்தியது. கலிபோர்னியா, அதைத் தத்தெடுத்து வளர்த்த அதே கலிபோர்னியா, 2024இலிருந்து அப்படியான சிறு பெற்றோல் மிசின்கள் புதிதாக விற்பனைக்கு வருவதற்கே கதவைச் சாத்தியது.

எங்கள் கட்டடத்தில் மாற்றம் டுக்நாடில் வந்தது. டுக்நாட் என்றால் சிரமதானம். எல்லோரும் பழைய உடுப்போடு இறங்கி முற்றத்தைத் துப்புரவாக்கி, கடைசியில் சொசேஜ் சுட்டுத் தின்கிற நாள். நோர்வேக்காரர் 2004இல் இதையே தங்கள் தேசியச் சொல்லாகத் தெரிந்தெடுத்தார்கள். சேர்ந்து வேலைசெய்வதும் இலவசமாய்ச் செய்வதும் அவர்களுக்கு அவ்வளவு இனிக்கும். மாமி ஊரிலிருந்து பயணப்பெட்டிக்குள், புடவைக்குள் சுற்றிக்கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாற்றோடு இறங்கினா. நோர்வேக்காரப் பெண்கள் இது எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டார்கள். குனிந்து, கையை வீசி, முற்றத்தில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோலம் மாதிரி வரி விழக் கூட்டிக்கொண்டு போனா. இலை ஒரு கரையில் குவிந்தது, கல்லு இன்னொரு கரையில் குவிந்தது. தூசி எழும்பவில்லை, முன்கூட்டியே தண்ணீர் தெளித்திருந்தா. இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாள் சித்தாலேப பூசிப் படுத்திருந்தா. வக்மெஸ்தர் அண்ணையின் பக்க நியாயம் எனக்கு விளங்கியது அந்த மூன்று நாளில்தான்.

டுக்நாட் முடிந்து சொசேஜ் தின்னும்போது சத்தத்தைப் பற்றிப் பலர் முறையிட, நிர்வாகக் குழு கூடி, விவாதித்து, தள்ளிவைத்து, மறுபடி கூடி, கடைசியில் அண்ணைக்கு ஒரு பற்றரி ஊதியை வாங்கிக் கொடுத்தது. புகை இல்லை. சத்தமும் பாதிதான். அண்ணைக்குப் பரம சந்தோசம். காதுக்குள் இருந்த சில்வண்டு மட்டும் குடியெழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் போடக்கூடாது என்று 1995இலிருந்து சட்டம் இருப்பதால், மாமி அதுவரை ஞாயிறுகளில் மட்டும்தான் பல்கனிக்கு வந்து தேத்தண்ணி குடிப்பா. இனித் திங்களும் வரலாம் என்றேன்.

திங்கள் வந்தது. ஏழு மணி. மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போனா. கீழே அண்ணை புது மிசினோடு ஒய்யாரமாய் நடந்தார். உறுமல் இல்லை, மெல்லிய விசில் மட்டும். சல்லியும் தூசியும் இலைச் சருகும் சாம்பல் நிறத் திரையாக எழும்பி, முற்றத்தைக் கடந்து, கேற்றைக் கடந்து போயின. மாமி கோப்பையை வைத்துவிட்டுக் கம்பியில் எட்டிப் பார்த்தா.

“தம்பி, உந்தத் தூசு எங்கை போகுது?”

அண்ணை மிசினை நிறுத்தினார். ஒரு விரல் கிழிந்த தோல் கையுறையோடு கையை உயர்த்தி, தெருவுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“அங்காலை, அம்மா.”

அங்காலை, எதிர்க் கட்டடத்தின் வாசலில், அந்தக் கட்டடத்து வக்மெஸ்தர் தன்னுடைய மிசினை முதுகில் ஏற்றி, வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.